நீலம் வெளியே வருகிறதா?

அனந்தபுரத்தில் கல்யாணமாகி மூன்று வருடம் ஆன ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். விழுப்புரத்தில் எடுத்த ஸ்கேன், திண்டிவனத்தில் பார்த்த தைராய்டு, மாதாமாதம் முட்டை வளர்கிறதா என்று பார்த்த சீட்டுகள் எல்லாம் அவள் பெயரில் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் 'நார்மல்' என்று எழுதியிருக்கிறது. மாதவிலக்கு தேதி தவறாமல் வருகிறது. அதுதான் கவலையும். ஒரு மாதம்கூட நாள் தள்ளிப்போகவில்லை. மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசை தவறாமல் போய்விட்டு வருகிறார்கள். கல்யாண வீடுகளுக்குப் போவதைத்தான் அவள் குறைத்துக்கொண்டாள்.

"எல்லாமே சரின்னா அப்புறம் ஏன் நிக்க மாட்டேங்குது?"

இது புலம்பல் போலத் தோன்றினாலும் நல்ல அறிவியல் கேள்வி. பார்த்த இடமெல்லாம் சரியாக இருக்கிறதென்றால், பார்க்காத இடம் எது?

ஏரிப்பாசனம் தெரிந்தவர்களுக்கு விடை சுலபமாகப் பிடிபடும். ஏரியில் தண்ணீர் இருக்கிறது. வயலும் நன்றாக உழுது கிடக்கிறது. ஆனாலும் பயிர் காய்கிறது. அப்போது கரையில் நின்று ஏரியையும் வயலையும் மாறி மாறிப் பார்த்துப் பயனில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் நெடுக ஒருவர் நடக்க வேண்டும். எங்கே மண் சரிந்திருக்கிறது, எங்கே ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது என்பது நடந்தவருக்குத்தான் தெரியும். அவள் ஃபைலில் இருக்கும் சோதனைகள் ஏரியையும் வயலையும் பார்த்தவை. இடையில் இருக்கும் வாய்க்காலின் பெயர் கருக்குழாய்.

ஒட்டாத வாய்க்கால்

முட்டை உருவாகும் இடம் சூலகம். கரு வளரும் இடம் கருப்பை. கருப்பையின் இரு தோள்களிலிருந்தும் இரண்டு குழாய்கள் புறப்பட்டுச் சூலகங்களை நோக்கி நீளும். ஒவ்வொன்றும் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம். கருப்பைச் சுவருக்குள் நுழையும் இடத்தில் குழாயின் துவாரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. குழாயின் மறுமுனை சூலகத்தோடு இணைக்கப்படவில்லை. அந்த முனை விரித்த கைவிரல்கள்போலக் குஞ்சம் குஞ்சமாக இருக்கும். மாதம் ஒரு முறை சூலகத்தின் மேற்பரப்பு வெடித்து முட்டை வெளியே வரும்போது, இந்தக் குஞ்சம் அதன்மேல் படிந்து முட்டையை வாரி உள்ளே எடுத்துக்கொள்கிறது. முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள். அதற்குள் குழாயின் அகன்ற பகுதியில் விந்தணு வந்து சேர்ந்தால் கரு உண்டாகும். பிறகு குழாயின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் காற்றில் ஆடும் நெல்வயல்போல ஒரே திசையில் அசைந்து, மூன்று நான்கு நாள் பயணத்தில் கருவைக் கருப்பைக்குக் கொண்டுவந்து விடுகின்றன.

ஆக, வாய்க்கால் திறந்திருந்தால் மட்டும் போதாது. அதன் முனை தடையின்றி அசைய வேண்டும். உள்ளே மயிர்கள் வேலை செய்ய வேண்டும். இவ்வளவு நுட்பமான உறுப்பு குடல் மடிப்புகளுக்கு நடுவே சுருண்டு கிடப்பதால், ஆரோக்கியமான கருக்குழாய் சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் தெரியவே தெரியாது. ஸ்கேன் சீட்டில் 'நார்மல்' என்று எழுதியவர் குழாயைப் பார்த்து எழுதவில்லை.

தோள் சொன்ன சேதி

பார்க்க முடியாததை எப்படிச் சோதிப்பது? 1920-ல் நியூயார்க் மருத்துவர் ஐசிடோர் ரூபின் ஒரு வழி சொன்னார். கருப்பை வாய் வழியாக மெதுவாக வாயுவைச் செலுத்துவது. குழாய் திறந்திருந்தால் வாயு வயிற்றறைக்குள் போய்விடும். அடைத்திருந்தால் அழுத்தமானி ஏறிக்கொண்டே போகும். வாயு உள்ளே போனதற்கு இன்னொரு சாட்சியும் இருந்தது. சோதனை முடிந்து எழுந்து உட்காரும் பெண் "தோள் வலிக்கிறது" என்பாள். ரூபினுக்கு அது நல்ல சேதி.

வயிற்றுக்குள் போன வாயுவுக்கும் தோளுக்கும் என்ன உறவு? எழுந்து உட்கார்ந்ததும் வாயு மேலே ஏறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தைச் சீண்டுகிறது. அந்தத் தசைக்கான நரம்பு கழுத்தில் தொடங்குகிறது. தோளின் உணர்வுக்கான நரம்புகளும் அதே பகுதியிலிருந்து வருகின்றன. ஒரே அஞ்சலகத்தின் கீழ் வரும் இரண்டு தெருக்களைப் போல. உதரவிதானம் போட்ட கடிதத்தை மூளை தோளின் முகவரியில் பட்டுவாடா செய்துவிடுகிறது.

இன்று ரூபின் சோதனை வழக்கில் இல்லை. அதன் இடத்தில் 'டியூப் டெஸ்ட்' என்று நம்மவர்கள் சொல்லும் எச்.எஸ்.ஜி. வந்திருக்கிறது. கருப்பைக்குள் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். மருந்து போன பாதை வெள்ளையாகத் தெரியும். மயக்க மருந்து வேண்டாம், செலவும் குறைவு. குழாயைப் பார்க்க முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

ஆனால் இது நிழல். நிழலுக்குச் சில பொய்கள் உண்டு. வலியிலோ பயத்திலோ கருப்பைத் தசை இறுகினால் குழாயின் குறுகிய வாய் தற்காலிகமாக மூடிக்கொள்ளும். படத்தில் அது அடைப்பாகவே தெரியும். இன்னொரு நாள் எடுத்தால் அதே குழாய் திறந்திருக்கலாம். மாறாக, உள்ளே துவாரம் சரியாக இருந்தும், வெளியே குஞ்சம் எதிலாவது ஒட்டிக்கொண்டு அசைய முடியாமல் கிடக்கலாம். நிழல் அதைக் காட்டாது.

பையை ஊதித் திறப்பது

நேரில் பார்த்துவிட்டால் என்ன என்ற ஆசை பழையது. 1901-ல் ஜெர்மனியின் கேயார்க் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றில் காற்றை நிரப்பி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழலை நுழைத்துப் பார்த்தார். 1910-ல் ஸ்வீடனின் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாக்கோபேயஸ் மனிதர்களிடம் அதைச் செய்து எழுதினார். குழந்தையின்மைக்குக் காரணம் தேடும் கருவியாக அதை வளர்த்தவர் 1940களில் பாரிஸில் இருந்த ரவூல் பால்மர். வயிற்று உள்நோக்கி என்று தமிழில் சொல்லலாம். ஆஸ்பத்திரி வழக்கில் லேப்ராஸ்கோப்.

மூன்று தடைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. முதலாவது, இடம். வயிற்றுக்குள் வெற்றிடம் கிடையாது. உறுப்புகளும் வயிற்றுச் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். மளிகைக் கடையில் புதுப் பிளாஸ்டிக் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு பிரியாமல் அடம்பிடிக்கும்போது கடைக்காரர் என்ன செய்கிறார்? வாயருகே வைத்து ஒரு ஊது ஊதுகிறார். இங்கும் அதே உத்தி. இரண்டு மூன்று லிட்டர் கரியமில வாயு உள்ளே போனதும் வயிற்றுச் சுவர் பந்தல்போல எழும்பி நிற்கிறது. ரத்த அழுத்தத்தில் மேல் அளவு 120 என்கிறோமே, அதே அளவுகோலில் உள்ளே வைத்திருக்கும் அழுத்தம் பெரும்பாலும் 12 முதல் 15தான். சாதாரணக் காற்று ரத்தக்குழாயில் புகுந்தால் குமிழாக அடைத்துக்கொள்ளும் அபாயம் அதிகம். சோடாவில் அடைக்கும் கரியமில வாயுவோ ரத்தத்தில் சீக்கிரம் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும். தீப்பற்றவும் செய்யாது.

இரண்டாவது, குடலைக் குத்தாமல் உள்ளே போவது. இதற்கு உதவிய ஊசி, காசநோய்க்காகப் பிறந்தது. மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்க, நெஞ்சறையில் காற்றைச் செலுத்தி அதைச் சுருங்கவைப்பார்கள். அதற்கென்று ஹங்கேரியின் யானோஷ் வெரெஷ் 1938-ல் ஒரு ஸ்பிரிங் ஊசியை விவரித்தார். கூர்முனை சுவரைத் துளைத்து வெற்றிடத்தைத் தொட்டதும், உள்ளிருந்து மழுங்கிய முனை ஒன்று முன்னால் பாய்ந்து கூர்மையை மறைத்துவிடும். இன்றும் பல அறுவை அரங்குகளில் முதலில் கையில் எடுக்கும் கருவி இதுதான்.

மூன்றாவது, வெளிச்சம். ஆரம்பத்தில் குழலின் நுனியில் குட்டி பல்பு எரிந்தது. வயிற்றுக்குள் சுடும் விளக்கு எத்தனை ஆபத்து! 1954-ல் பிரிட்டனில் ஹெரால்டு ஹாப்கின்ஸும், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கடத்திக் காட்டினார்கள். அதே தத்துவத்தில், விளக்கை வெளியே வைத்துவிட்டு ஒளியை மட்டும் உள்ளே அனுப்ப முடிந்தது. ஹாப்கின்ஸ் குழலுக்குள் இருந்த லென்ஸ் வரிசையையும் தலைகீழாக்கினார். காற்றிடைவெளியில் சிறு சிறு லென்ஸ்கள் இருந்த இடத்தில் நீளமான கண்ணாடித் தண்டுகளை அடுக்கினார். படம் பலமடங்கு பிரகாசமானது.

நீலம் காட்டும் வழி

உள்நோக்கிச் சோதனை பெரும்பாலும் மாதவிலக்கு முடிந்த சில நாட்களில், முட்டை வெடிப்பதற்கு முன் நடக்கும். அப்போதுதான் உண்டான கரு எதையும் அறியாமல் கலைத்துவிட மாட்டோம் என்ற நிச்சயம் கிடைக்கும். முழு மயக்கம் கொடுத்து, தொப்புளில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, வாயுவை நிரப்பி, குழலை நுழைக்கிறார்கள். படுக்கையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினால் குடல்கள் சரிந்து மேலே ஒதுங்கும். திரையில் கருப்பையும் சூலகங்களும் குழாய்களும் தெரியும். அடிவயிற்றில் இன்னொரு சிறு துளை வழியாக நுழைந்த கம்பி, குழாயை மெல்லத் தூக்கிப் புரட்டிக் காட்டும்.

இப்போது ஒரு உதவியாளர் கருப்பை வாய் வழியாக நீலத் திரவத்தைச் செலுத்துவார். அறையில் எல்லாருடைய கண்ணும் குஞ்சத்தின் மேல் இருக்கும். நீலம் வெளியே வருகிறதா? சொட்டுச் சொட்டாக வழிந்தால் வாய்க்கால் திறந்திருக்கிறது. குழாய் உப்பிக்கொண்டே போய் எதுவும் வெளியே வராவிட்டால், அடைப்பு கடைக்கோடியில். குழாய்க்குள் நீலம் நுழையவே இல்லையென்றால் அடைப்பு கருப்பையின் ஓரத்தில்.

திண்டிவனம் பக்கத்தில் இன்றும் அவுரி பயிரிட்டு நீலம் எடுக்கிறார்கள். அவுரி நீலத்தை அமிலத்தில் மாற்றிச் செய்யும் இண்டிகோ கார்மைன் இந்தச் சோதனைக்குப் பயன்படும் சாயங்களில் ஒன்று. அதிகம் பயன்படுவது மெத்திலீன் நீலம். 1876-ல் ஜெர்மனியில் ஹைன்ரிஷ் காரோ செயற்கையாகத் தயாரித்த சாயம். ஆறு ஆண்டுகள் கழித்து ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை உலகுக்குக் காட்டினாரே, அந்தக் கிருமி கண்ணுக்குத் தெரிய உதவியதும் இதே மெத்திலீன் நீலம்தான். நம் நாட்டில் இந்த ஒற்றுமைக்குப் பொருள் அதிகம். கருக்குழாய் அடைத்துப்போவதற்கு இங்கே முக்கியமான காரணங்களில் ஒன்று காசநோய்.

காசம் என்றால் இருமல் என்றே நினைக்கிறோம். நுரையீரலில் என்றோ நுழைந்த கிருமி ரத்தம் வழியாகக் கருக்குழாயில் போய்க் குடியேறலாம். இருமல் இருக்காது, காய்ச்சல் இருக்காது. குழந்தை நிற்காதது ஒன்றே அடையாளமாக இருக்கலாம். கிருமிகள் மிகக் குறைவாக இருப்பதால் ஆய்வகச் சோதனைகள் பலமுறை கைவிரிக்கும். உள்நோக்கியிலோ சில அடையாளங்கள் கண்ணில் படும். குழாயின் மேல் கம்பு தூவினாற்போல வெண்மணிகள், ஜெபமாலைபோல முடிச்சு முடிச்சாகத் தடித்த குழாய், கல்லீரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையே வீணைத் தந்திகள்போல இழுத்துக் கட்டிய இழைகள். இந்த இழைகள் வேறு தொற்றுகளிலும் வரும் என்பதால், அங்கிருந்து துளி திசு எடுத்துச் சோதித்த பிறகே முடிவு. நோய் உறுதியானால் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆனால் மருந்து கிருமியைக் கொல்லும். தழும்பேறிய குழாயை மறுபடி புதிதாக்காது. சீக்கிரம் கண்டுபிடிப்பதன் அருமை அங்கேதான்.

கண்ணில் படும் இன்னொன்று ஒட்டுத்திசு. பழைய தொற்றோ, வெடித்த குடல்வாலோ, முந்தைய அறுவையோ விட்டுப்போன தழும்பு. வெங்காயத்தின் உள்தோல்போல மெல்லிய படலம் குழாயையும் சூலகத்தையும் போர்த்திவிடும். முட்டை வெளியே வந்தும் குஞ்சத்தின் கைக்குக் கிட்டாது. மெல்லிய படலமென்றால் அந்த இடத்திலேயே கத்தரித்து விடுவிக்கலாம்.

பார்ப்பதும் அறிவதும்

மூன்றாவது காரணம் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு, வெளியே சூலகத்திலும் வயிற்றுச் சவ்விலும் வளர்வது. 'இடம் மாறிய படலம்' என்று சொல்லலாம். மாதவிலக்கு நாட்களில் அதுவும் கசிந்து, வலியும் தழும்பும் தரும். சூலகத்தில் பழைய ரத்தம் தேங்கினால் அதுவே 'சாக்லேட் கட்டி'. உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இது உண்டு.

எப்படி வெளியே போகிறது? மாதவிலக்கு ரத்தம் குழாய் வழியாகப் பின்னோக்கி வழிந்து விதைக்கிறது என்று அமெரிக்காவின் ஜான் சாம்சன் 1920களில் சொன்னார். பிற்பாடு மாதவிலக்கு நாட்களிலேயே உள்நோக்கியால் பார்த்தபோது, குழாய் திறந்திருந்த பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அப்படி ரத்தம் பின்வழிவது தெரிந்தது. ரத்தம் பின்வழிகிறது என்ற அளவில் சாம்சன் சரி, ஆனால் புதுக் கேள்வி பிறந்தது. ஏறக்குறைய எல்லாருக்கும் வழிகிறதென்றால் பத்தில் ஒருவருக்கு மட்டும் ஏன் முளைக்கிறது? நோய் எதிர்ப்புச் சக்தி, மரபு என்று தேடல் இன்னும் ஓடுகிறது.

கண்ணும் கற்றுக்கொண்டுதான் பார்க்கிறது. நெடுநாள் மருத்துவர்கள் கருப்புப் புள்ளிகளை மட்டுமே இந்த நோயாக எண்ணினர். 1986-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் நிறமற்ற, வெண்மையான, சிவந்த புள்ளிகளும் அதே நோய்தான் என்று திசுச் சோதனையோடு காட்டினார்கள். அதற்கு முன் அதே வயிற்றைப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று எத்தனை பேரை அனுப்பியிருப்பார்கள்!

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. கண்டதாலேயே அது காரணம் ஆகிவிடுமா? கனடாவில் லேசான எண்டோமெட்ரியோசிஸ் இருந்த 341 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். உள்நோக்கி உள்ளே இருக்கும்போதே சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குப் புள்ளிகளை அகற்றினார்கள், மீதிப் பேருக்குப் பார்த்ததோடு சரி. 36 வாரங்கள் காத்திருந்தார்கள். அகற்றியவர்களில் நூற்றுக்குச் சுமார் 31 பேருக்குக் கரு நிலைத்தது; அகற்றாதவர்களில் சுமார் 18 பேருக்கு. 1997-ல் வெளிவந்த இந்த முடிவை, 1999-ல் இத்தாலியில் நடந்த சிறிய ஆய்வு உறுதிசெய்யவில்லை. பலன் உண்டு, ஆனால் அதிசயம் இல்லை என்பதே இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பாடம். ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் கூர்மையாகிவிட்டதால், எண்டோமெட்ரியோசிஸை உறுதிசெய்ய எல்லாருக்கும் உள்நோக்கி தேவையில்லை என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022-ல் வழிகாட்டியை மாற்றியது.

உள்நோக்கிக்குத் தெரியாதவையும் உண்டு. நீலம் தாராளமாக வழிந்த குழாயின் உள்ளே நுண்மயிர்கள் உதிர்ந்து போயிருக்கலாம். முட்டையின் தரம் தெரியாது. விந்தணுவைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது.

அடைப்பைச் சரிசெய்ய முடியாவிட்டால் வாய்க்காலையே விட்டுவிட்டுச் சுற்றிப்போகலாம் என்று காட்டியதும் இதே கருவிதான். இங்கிலாந்தின் லெஸ்லி பிரவுனுக்குக் குழாய்கள் அடைத்திருந்தன. ஒன்பது வருடம் காத்திருந்தார். 1977 நவம்பரில் பாட்ரிக் ஸ்டெப்டோ உள்நோக்கி வழியாக ஒரே ஒரு முட்டையை எடுத்தார். ராபர்ட் எட்வர்ட்ஸும் ஜீன் பர்டியும் அதை ஆய்வகத்தில் கருவாக்கினார்கள். 1978 ஜூலை 25 அன்று லூயிஸ் பிரவுன் பிறந்தாள். இன்று முட்டை எடுக்க ஸ்கேன் ஊசி போதும். ஆனாலும் நீர் கோத்து வீங்கிய குழாய் இருந்தால், அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து சோதனைக்குழாய்க் கருவையும் கெடுக்கும். அதை முன்கூட்டியே அகற்றவோ கட்டிவிடவோ உள்நோக்கியைத்தான் தேடுகிறார்கள்.

யாருக்கு, எப்போது?

நம் கிராமங்களுக்கு 'லேப்ராஸ்கோப்' என்ற சொல் குடும்பக்கட்டுப்பாடு முகாம்கள் வழியாக வந்தது. அதனால் "அதை விட்டுப் பார்த்தால் இருக்கிற வாய்ப்பும் போய்விடாதா?" என்ற பயம் இயல்பு. சன்னல் ஒன்றுதான். முகாமில் அதன் வழியே போனவர் குழாயில் வளையம் மாட்டி அடைத்தார். இங்கே போகிறவர் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார். கடுமையான சிக்கல் ஆயிரத்தில் இரண்டு பேருக்கு வரலாம். சிறிய எண்தான், பூஜ்யம் இல்லை. இரண்டு மூன்று நாளைக்குத் தோள் வலித்தால் பயப்பட வேண்டாம். ரூபின் சோதித்த பெண்களுக்கு வந்த அதே வலிதான்.

எச்.எஸ்.ஜி. சந்தேகமாக வந்தவர்கள், மாதவிலக்கின்போது தாங்க முடியாத வலி உள்ளவர்கள், முன்பு காசநோய் வந்தவர்கள், வயிற்றில் பெரிய அறுவை ஆனவர்கள், ஸ்கேனில் கட்டியோ வீங்கிய குழாயோ தெரிந்தவர்கள் ஆகியோருக்கு இந்தச் சோதனை பலன் தரும். மற்றவர்கள் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: "இதில் தெரியப்போவது எங்கள் சிகிச்சையை மாற்றுமா?" மாற்றாதென்றால் அவசரம் இல்லை. அனந்தபுரத்திலிருந்து போகக்கூடிய தூரத்தில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் இருக்கின்றன.

கடைசியாக, அந்தப் பிளாஸ்டிக் ஃபைலை இன்னொரு முறை புரட்டிப் பார்க்க வேண்டும். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் காரணத்தின் முழுமையோ ஒரு பகுதியோ ஆணிடம் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்குக் கத்தி வேண்டாம், மயக்க ஊசி வேண்டாம், செலவும் குறைவு. அவன் பெயரில் ஒரு சீட்டு அந்த ஃபைலில் இல்லாமல், அவள் தொப்புளில் யாரும் கத்தி வைக்கக் கூடாது.